இது யார் குரல்?

தாம்பரம் சானடோரியம்
பெண்கள் வார்டு, 14-ஆம் கட்டில்
12.6.1974

மரியே வாழ்க

தம்பி அமிர்தராஜுக்கு,

ஸ்டேஷனில் நீ படுத்திய அவசரத்தில் பாதியைச் சொல்லாமலேயே வண்டி ஏறிவிட்டேன். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எங்கேயாவது சொருகி வைக்காதே. சமையலறைச் சுவரில் ஒட்டு. ஜெசிந்தாவையும் படிக்கச் சொல்.

டாக்டர் ஆறு மாதம் என்கிறார். இடது நுரையீரலில் நெல்லிக்காய் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறதாம். தினம் ஒரு ஊசி, கை நிறைய மாத்திரை. என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். என் கவலையெல்லாம் அற்புதம்தான். அம்மா போன இந்த ஆறு வருடத்தில் அவனை விட்டு நான் ஒரு நாள்கூட வெளியே தங்கியதில்லை. உனக்கு அவன் கூடப் பிறந்த தம்பிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணமாகிக் கைலாசபுரம் குவார்ட்டர்ஸுக்குப் போனதிலிருந்து நீ மேலப்புதூர் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து காபி குடித்துவிட்டுப் போகிறவன். இருபத்தொன்பது வயது ஆளை எப்படி வைத்துக்கொள்வது என்று உனக்குத் தெரியாது.

பையில் காலண்டர் தாள்கள் கட்டி வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் பல்பொடி, குளிக்கிற வாளி, இட்லி, மணி கோர்க்கிற தட்டு என்று நான் வரைந்த படங்கள் இருக்கும். கயிறு கட்டி அவற்றை வரிசையாகத் தொங்கவிடு. ஒரு வேலை முடிந்தால் அவனே அந்தத் தாளைத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போவான். அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் அவன் பாட்டுக்கு இருப்பான். தெரியாவிட்டால் பயப்படுவான், பயந்தால் கத்துவான். வேலூரில் பார்த்த டாக்டர் 'ஆட்டிசம்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாரே, அவரே இந்தப் படக் கயிற்றைப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல வைத்தியம் என் கையில் இல்லை என்றார்.

உங்கள் கம்பெனிச் சங்கு ஊதுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அவனிடம் சொல்லிவிட்டு இரண்டு காதிலும் பஞ்சு வை. நமக்கு அது சத்தம். அவனுக்கு மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரண்டு ஜெபமாலை கோர்ப்பான். பத்து மணி, ஒரு இடைமணி, மறுபடி பத்து. கன்னியர் மடத்துக் கடைக்குப் பதினாலு வருடமாகக் கோர்க்கிறான், ஒரு மணி கூடியதில்லை, குறைந்ததில்லை. மணி தீர்ந்தால் சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போ. தெற்கு வாசலில் ரங்கசாமி கடை. அவருக்கு அவனைத் தெரியும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவை, காவிரிப் பாலம் வரும்போது பேசாதே.

இனிமேல்தான் முக்கியமானது. அவனுக்குச் சொந்தமாக வாக்கியம் கட்ட வராது. கேட்டதைத்தான் சொல்வான், கேட்ட குரலிலேயே சொல்வான். "பசிக்குதா?" என்று கேட்டால் உன்னை விசாரிக்கிறான் என்று நினைத்துவிடாதே. அவனுக்குப் பசிக்கிறது. நாம் அவனைக் கேட்ட கேள்வியைத்தான் அவன் பதிலாக வைத்திருக்கிறான். அவன் என்ன சொன்னாலும் இது யார் குரல், எங்கே கேட்டான் என்று யோசி. ஒரு வார்த்தைகூட அவனாகக் கற்பனை செய்யமாட்டான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா குரலில், "அற்புதம், ஜெபத்துக்கு வாடா" என்பான். அச்சு அசல் அம்மாவேதான். "வந்துட்டேம்மா" என்று ஒருவர் பதில் சொல்லவேண்டும். சொன்னால் ஜெபத்துக்கு உட்காருவான். சொல்லாவிட்டால் சொல்லிக்கொண்டே இருப்பான்.

கடைசியாக ஒன்று. வெளியே கிளம்பும்போது அவனிடம் வெறுமே "போயிட்டு வரேன்" என்று சொல்லாதே. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அம்மா அப்படித்தான் சொன்னாள். ஒன்றரை வருடம் வாசலில் நின்றான். எத்தனை மணிக்கு, என்றைக்கு என்று சொல். சொன்னால் அந்த நேரத்துக்கு வந்துவிடு. நான் அவனிடம் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்னபடி வந்தாகவேண்டும்.

பேட்ரிசியா


கைலாசபுரம்
24.6.74

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். நிற்க.

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது, சட்டப் புத்தகம். ஜெசிந்தா இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க அக்கா என்னைக் கட்டி வெச்சது உங்களுக்கா, உங்க தம்பிக்கா?" என்கிறாள். தமாஷுக்குத்தான் சொன்னாள், கோபித்துக்கொள்ளாதே.

அற்புதம் நன்றாகச் சாப்பிடுகிறான். படக் கயிற்றை ஹாலில்தான் கட்டினேன். ஃபோர்மேன் வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "வளந்த ஆளுக்கு இதென்னங்க பால்வாடி மாதிரி?" என்று சிரித்தாராம். ஜெசிந்தாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுருட்டிப் பரணில் வைத்துவிட்டாள். நானும் நினைக்கிறேன், நீ அவனைக் குழந்தையாகவே வைத்துவிட்டாயோ என்று. கொஞ்சம் பழக்கினால் மாறமாட்டானா? வேலூர் டாக்டர் சொன்னது சின்னப் பிள்ளைகளுக்கு வரும் வியாதி என்று எங்கள் கம்பெனி டாக்டரே சொல்கிறார்.

சங்கு விஷயம் நீ சொன்னது சரிதான். நான் ஷிஃப்டில் இருக்கும்போது பஞ்சு வைக்க யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? இரண்டு நாள் சுவரில் முட்டிக்கொண்டான். நெற்றியில் சின்ன வீக்கம், இப்போது இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை அந்த ஆறு மணிக் குரல். ஜெசிந்தாவுக்கு இது ஆறாம் மாதம். விளக்கு வைக்கிற நேரத்தில் செத்துப்போன மாமியார் குரல் வீட்டுக்குள் கேட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் பயமாக இருக்காது? அவள் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள். செத்தவர்கள் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக்கூடாதாம். நான் வீடு திரும்பும்வரை அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். நேற்று நான் வர எட்டரை ஆகிவிட்டது.

ஸ்ரீரங்கம் போக நேரமில்லை. மணி இன்னும் இருக்கிறது.

அமிர்தராஜ்


தாம்பரம்
1.7.74

மரியே வாழ்க

அமிர்தராஜ்,

இரண்டரை மணி நேரம்! ஆறிலிருந்து எட்டரை வரைக்கும் அவன் கூப்பிட, இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு பதில் இல்லை. "வந்துட்டேம்மா" என்று சொல்ல எவ்வளவு மூச்சு செலவாகும்? எனக்கு இங்கே மூச்சு அளந்துதான் வருகிறது, நான் சொல்லமாட்டேனா?

ஜெசிந்தாவின் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளைத்தாய்ச்சி. அவளைக் குறை சொல்லவில்லை. அது பேயில்லை, அம்மா அவனுக்கு விட்டுப்போன சொத்து என்று நீதான் அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். ஆறு மணிக்கு அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பு. நீ வரமுடியாத நாளில் யாரையாவது பதில் சொல்ல வை.

படக் கயிற்றை இன்றைக்கே பரணிலிருந்து இறக்கு. ஃபோர்மேன் வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்தால் அவர் வீட்டில் போய்ச் சிரித்துக்கொள்ளட்டும். பார்வை இல்லாதவன் கையிலிருந்து தடியைப் பிடுங்கிவிட்டு, பழகினால் மாறமாட்டானா என்று கேட்பாயா?

நெற்றி வீக்கம் சின்னது என்கிறாய். எவ்வளவு சின்னது?

இங்கே என் பக்கத்துக் கட்டில் கிழவி மாத்திரையை முழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நர்ஸ் போனதும் ஜன்னல் வழியாகத் துப்புகிறாள். அதனால் இப்போது எங்கள் எல்லாரையுமே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

உடனே பதில் எழுது.

பேட்ரிசியா


கைலாசபுரம்
22.7.74

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. வேலை மிகுதியால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும்.

நீங்கள் பதற்றப்படாமல் படிக்கவேண்டும். போன 8-ஆம் தேதி காலைச் சங்கு ஊதியபோது ஜெசிந்தா அற்புதத்துக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடியதில் அவளை இடித்துத் தள்ளிவிட்டான். அம்மிக்கல் மேல் விழுந்தாள். ரத்தப்போக்கு. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாதாவின் கிருபை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நான்கு நாள் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. என் பிள்ளை, அக்கா. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வருகிற பிள்ளை.

ஜெசிந்தாவின் அப்பா விசாரித்து ஒரு இடம் சொன்னார். துறையூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் குளிர்நிழல் இல்லம். இந்த மாதிரி ஆட்களுக்கென்றே நடத்துகிறார்கள். நல்ல காற்று, மரவள்ளித் தோட்டம், கிணறு. வார்டன் தர்மராஜ் மிகக் கண்டிப்பானவர், ஆனால் பண்பானவர். அற்புதத்தை 14-ஆம் தேதி கொண்டுபோய் விட்டோம். சொந்தக்காரர்கள் அடிக்கடி வந்தால் பழகமாட்டார்கள் என்பதால் ஒரு மாதம் பார்க்கக்கூடாது என்பது அங்கே விதி.

உங்கள் உடல்நிலையை உத்தேசித்துத்தான் முன்பே தெரிவிக்கவில்லை. வார்டன் நேற்று எழுதிய கார்டில், அற்புதம் நன்றாகப் பழகிவிட்டதாகவும், வீட்டுக்குப் போகணுமா என்று கேட்டால் "வீட்டுக்கு வேண்டாம்" என்று அவனே சொல்வதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும்? நீங்கள் நிம்மதியாக உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புள்ள,
அமிர்தராஜ்


தாம்பரம்
26.7.74

மரியே வாழ்க

தம்பி,

உன் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் என் தம்பி இருந்தான். "என் பிள்ளை, அக்கா" என்று எழுதினாயே, அங்கே. அதைப் படித்து அழுதேன். ஜெசிந்தாவை நினைத்தும் அழுதேன். கர்த்தர் அவளையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும்.

மற்றதெல்லாம் நீ எழுதியது இல்லை. எனக்கு நீ எப்போதிலிருந்து "நீங்கள்" போட ஆரம்பித்தாய்? எட்டு வயதில் அப்பாவின் கடிகாரத்தை உடைத்துவிட்டு வந்து, "அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவன்தானே நீ. நேரில் என்றால் தொண்டையைக் கனைப்பாய். கடிதத்தில் கனைக்க முடியாததால் "நீங்கள்" போடுகிறாய். என்ன மறைக்கிறாய்?

"வீட்டுக்கு வேண்டாம்" என்று அவனே சொன்னானா? ஐயோ, நான் என்னத்தைச் சொல்லி விட்டுவந்தேன், நீ என்னத்தைப் படித்தாய்? அவனுக்கு வேண்டாம் என்று சொல்லவே வராது. பிடிக்காத சோற்றைத் தள்ளி வைப்பானே தவிர, வேண்டாம் என்று வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. யாரோ அவன் முன்னால் நின்றுகொண்டு "வீட்டுக்கு வேண்டாம்னு சொல்லு" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. எந்தக் குரலில் சொன்னான், என்ன செய்துகொண்டே சொல்ல வைத்தார்கள்? இதையெல்லாம் நீதான் போய்க் கேட்கவேண்டும்.

படக் கயிறு அவனோடு போனதா? மணித்தட்டு? விட்டுவிட்டு வரும்போது அவனிடம் என்ன சொன்னாய்? சத்தியமாகச் சொல்.

நான் எழுந்து நடந்தால் டாக்டர் திட்டுகிறார். போன வாரம் மறுபடி ரத்தம் வந்தது. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக நானே வந்து நின்றிருப்பேன்.

பேட்ரிசியா


கைலாசபுரம்
13.8.74

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன் கோபம் தீரட்டும் என்று ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்தரைக்கு ஏறி, துறையூரில் மாறி, கடைசி நான்கு மைல் நடந்தேன். இடம் சுத்தமாக இருக்கிறது. சத்தமே இல்லை. முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்களாம், ஆனால் ஒரு பேச்சுக்குரல் கிடையாது. சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அற்புதம் ஆளே மாறிவிட்டான். கத்தல் இல்லை, கை உதறல் இல்லை, ஆட்டம் இல்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறான், எச்சில் வழிகிறது, அது மருந்துக்கு அப்படித்தான் இருக்குமாம். உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. என்னைப் பார்த்ததும் என்ன கேட்டான் தெரியுமா? "வலிக்குதா?" என்றான். போன வாரம் மெஷினில் நசுங்கி என் விரலில் கட்டுப் போட்டிருந்தேன், அதைப் பார்த்துத்தான் கேட்கிறான்! "வலிக்குதா? வலிக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறந்ததிலிருந்து யாரையாவது அவன் இப்படி விசாரித்திருக்கிறானா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லடா, சரியாப் போச்சு" என்று சொன்னேன்.

புதிதாக ஒரு பழக்கமும் வந்திருக்கிறது. ஆள் பக்கத்தில் போனால், "திற. முழுங்கு. நாக்கைக் காட்டு" என்று சொல்லிவிட்டு நாக்கை நீட்டுகிறான். வார்டன் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன்.

நீ கேட்டாயே, வரும்போது என்ன சொன்னேன் என்று. எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன். "போயிட்டு ஞாயித்துக்கிழமை வரேன்." நாள் சொல்லவேண்டும் என்று நீதானே எழுதியிருந்தாய்? விதி இருப்பதால் போக முடியவில்லை. ஞாயிறு ஆனால் விடியற்காலையிலிருந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம், பிடித்த பிடியை விடமாட்டானாம். அதனால் ஞாயிறு மட்டும் உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். அவன் நன்மைக்குத்தான்.

படக் கயிறு அங்கே அனுமதி இல்லை. மணித்தட்டை அனுமதித்திருக்கிறார்கள். அவன் கோர்த்த ஜெபமாலை ஒன்றை வார்டன் உனக்கென்றே கொடுத்தார். பார்சலில் வைத்திருக்கிறேன்.

அமிர்தராஜ்


தாம்பரம்
17.8.74

அமிர்தராஜ்,

ஜெபமாலை வந்தது. நேற்று அதை வைத்துக்கொண்டு ஜெபம் சொல்ல உட்கார்ந்தேன். முதல் பத்து பத்தாக இருந்தது. இரண்டாவது பத்தும் பத்து. மூன்றாவதில் ஒன்பதாவது மணிக்குப் பிறகு விரலுக்கு இடைமணி தட்டியது. நான்தான் தவறவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப எண்ணினேன். ஒன்பதுதான். நான்காவதில் ஆறு. ஐந்தாவதில் மணியே இல்லை, தம்பி. வெறும் நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டிருக்கிறான். பத்து முடிச்சு. எண்ணிக்கை அவனுக்குத் தெரிந்திருக்கிறது, மணியை எடுக்க விரல் வரவில்லை.

பதினாலு வருடம். அம்மா செத்த அன்றுகூட அவன் கோர்த்ததில் பிசகு இல்லை.

அவன் உன் விரலை விசாரிக்கவில்லை. உனக்கு விரல் இருப்பதையே அவன் பார்த்திருக்கமாட்டான். "பசிக்குதா?" என்றால் யாருக்குப் பசி என்று என் முதல் கடிதத்திலேயே எழுதினேன். சுவரில் ஒட்டச் சொன்னேன். ஒட்டினாயா? அண்ணன் வந்திருக்கிறான் என்று, அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில், வலிக்கிறது வலிக்கிறது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறான். நீ "சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

நாக்கைக் காட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நானே தினம் மூன்று வேளை காட்டுகிறேன். என்னவோ மருந்தைக் கொடுத்து, முழுங்கினானா என்று வாயைத் திறந்து பார்க்கிறார்கள். முப்பது பேர் இருக்கிற இடத்தில் ஒரு சத்தம் இல்லை என்று ஆச்சரியப்பட்டு எழுதுகிறாய்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். நாளைக்கே போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா. உன் வீட்டில் வைக்கவேண்டாம். மேலப்புதூர் வீட்டைத் திறந்து விடு, என் கூட வேலை பார்க்கிற டீச்சர்களிடம் சொல்லி ஆள் ஏற்பாடு செய்கிறேன். உன் காலில் விழுகிறேன், ராஜு.

பேட்ரிசியா


கைலாசபுரம்
26.8.74

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டேன். காய்ச்சல் வேகத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு ஜெபமாலையில் ஏதோ சில மணி குறைந்ததற்கு இத்தனை கற்பனை தேவையில்லை. அங்கே சேர்த்தபோது ஒரு வருடம் வைத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நடுவில் போய்க் கூப்பிட்டால் வார்டன் என்ன நினைப்பார்? ஜெசிந்தாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். இந்த நேரத்தில் வீட்டில் எந்தக் கலவரமும் கூடாது.

நீங்கள் சானடோரியத்தை விட்டு நகர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று உங்கள் டாக்டர் எனக்கு எழுதியிருக்கிறார். தயவுசெய்து எந்த அசட்டுக் காரியமும் செய்யவேண்டாம். நீங்கள் தேறி வந்தபிறகு எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம்.

தங்கள் அன்புள்ள,
அமிர்தராஜ்


மேலப்புதூர், திருச்சி
14.9.74

அமிர்தராஜ்,

மேலே போட்டிருக்கிற ஊரைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அற்புதம் என்னோடுதான் இருக்கிறான்.

உன்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை என்று ஸ்ரீரங்கம் ரங்கசாமிக்குத் தந்தி அடித்தேன். மணி விற்கிறவர். உனக்கு அவர் யார் என்றுகூடத் தெரியாது, ஒரு சனிக்கிழமையாவது போயிருந்தால் தெரிந்திருக்கும். என்ன ஏது என்று கேட்கவில்லை. நாலாம் தேதி காலை நான் திருச்சி ஸ்டேஷனில் இறங்கியபோது, நெற்றி நிறையத் திருமண்ணோடு வாடகைக் காரில் வந்து நின்றார். வழியெல்லாம் நான் இருமினேன், ஜன்னலை இறக்கிவிட்டாரே தவிர தள்ளி உட்காரவில்லை. இல்லத்தின் கேட் வந்ததும், "நீங்கோ உள்ளே போங்கோ. பிள்ளையாண்டான் வராம இந்த வண்டி நகராது. பெருமாள் பார்த்துப்பார்" என்று சொல்லி, கதவு மூடாதபடி நடுவில் நின்றுகொண்டார்.

தர்மராஜ் ஒரு ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். உன் கையெழுத்து. முத்து முத்தாக எழுதுவாய், எனக்குத் தெரியாதா? அதில் 'வேறு உறவினர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. "ரெக்கார்டுப்படி அப்படி ஒரு அக்காவே இல்லைங்களே, நீங்க யாரும்மா?" என்று கேட்டார். நான் வாயை மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு அவர் மேஜைமேல் இருமினேன். கைக்குட்டையில் வந்ததைக் காட்டினேன். பத்து நிமிடத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். வியாதிக்கு இருக்கிற மரியாதை கூடப் பிறந்தவளுக்கு இல்லை.

மணிக்கட்டு இரண்டிலும் கயிற்றுத் தழும்பு. அதற்கு மேல் எழுதமாட்டேன். நீ வந்து பார்.

படக் கயிற்றைப் புதிதாக வரைந்து கட்டியிருக்கிறேன். நேற்றுத்தான் முதல் தாளைத் திருப்பினான். தட்டில் சோறு வைத்தால் சாப்பிடுவதற்கு முன்னால் வாயைத் திறந்து நாக்கைக் காட்டுகிறான். நான் பார்த்துவிட்டேன் என்று தலையசைத்தால்தான் கை சோற்றுக்குப் போகிறது. மணித்தட்டைத் தொடுவதில்லை. நான் ஒரு அறையில், அவன் ஒரு அறையில். நல்லுசாமி கம்பவுண்டர் தினம் வந்து எனக்கு ஊசி போடுகிறார். உங்கள் தம்பி சொன்னதுபோல நடக்காமல் இருக்கட்டும் என்கிறார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேள்.

வந்த அன்று ஆறு மணிக்கு அம்மா குரலுக்காகக் காத்திருந்தேன். மூன்று மாதமாகக் கேட்காத குரல். பதிலை வாயிலேயே வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். மாதா கோயில் மணி அடித்தது. அற்புதம் எழுந்து நின்றான். தொண்டையைக் கனைத்தான்.

"க்கும். அக்காவுக்கு டி.பி. சார். இனிமே திரும்பி வராது. நீங்க உங்க வழிப்படி என்ன வேணா செஞ்சுக்குங்க. கேக்க ஆள் கிடையாது."

உன் குரல், ராஜு. அந்தக் கனைப்பு, 'சார்' என்று இழுக்கிற இழுப்பு, எல்லாமே நீ. அவனை விட்ட அன்று, அவன் பக்கத்தில் நிற்க, அவனுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்து வார்டனிடம் சொல்லியிருக்கிறாய். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, ஒரு எழுத்து பிசகாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

பத்து நாளாகத் தினம் ஆறு மணிக்கு இதுதான். அம்மா குரல் வரவேயில்லை. நல்லுசாமி கேட்டுவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுவிட்டார்கள், நேற்று பங்குச் சாமியார் வந்திருந்தபோது அவர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னான். அம்மா குரலுக்கு "வந்துட்டேம்மா" என்றால் போதும், அடங்கிவிடுவான். இதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை. "நான் வந்துட்டேன்டா, இதோ நிக்கிறேன்டா" என்று சொல்லிப் பார்த்தேன். நிறுத்தவில்லை. நான் தூங்கும் வரைக்கும் சொல்கிறான்.

எனக்கு ரத்தம் இன்னும் நிற்கவில்லை. நீ சொன்ன வாக்கு பலித்தாலும் பலிக்கலாம். அப்போது இந்த வீட்டில் ஆறு மணிக்கு அவன் கூப்பிட்டால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? எனக்கு வேறு பயம் ஒன்றுமில்லை, இது ஒன்றுதான். உன்னைத் தவிர அவனுக்கு ஆளில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஜெசிந்தாவுக்குச் சுகப் பிரசவம் ஆகட்டும். இதை அவளிடம் காட்டாதே, அவள் பயப்படுவாள்.

அடுத்த ஞாயிறு, 22-ஆம் தேதி, சாயங்காலம் ஐந்தரைக்கு வா. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று ஆறு மணி வரை இரு. உன் குரலை நீயே காதால் கேட்டுவிட்டு, என்ன பதில் சொன்னால் அவன் நிறுத்துவானோ அதைச் சொல்.

நீ வருகிறாய் என்று அவனிடம் நான் சொல்லவில்லை.

பேட்ரிசியா